பந்தியும் பக்கத்து இருக்கையும்

(சென்னையின் தெற்கு ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டுபடுத்திய ஒரு சண்டை, பள்ளிப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் தொடங்கியது. மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் அக்கறை கொள்ளவும், தம்மைப் போல் இல்லாதவரை ஏற்றுக்கொள்ளவும் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியை அந்தச் சண்டையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சேரன்மாதேவி, 1925

லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராக மாறியவர் வ.வே.சு. ஐயர். பாண்டிச்சேரியில் பத்தாண்டு மறைவாழ்க்கை, அதன்பின் சிறைவாசம். வெளியே வந்ததும் 1922-இல் அவர் கையிலெடுத்த வேலை கல்வி. கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பிறகு தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவிக்கு மாறியது. பல சாதிப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் தங்கி, தேசப்பற்றோடும் கைத்தொழிலோடும் வளர வேண்டும் என்பது அவர் கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது.

அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெற்றோர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், ஐயர் இணங்கினார். அவர் தம் வாழ்க்கையில் சாதி ஆசாரம் பார்க்காதவர். ஆனாலும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற அவருக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே மாணவர். பந்தி பிரிந்திருக்கும் செய்தி வெளியே வந்ததும் நாடு கொதித்தது. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் இடைவிடாமல் எழுதினார். காங்கிரஸ் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமி மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஏற்கெனவே வாக்குக் கொடுத்த இருவர் அளவில் விட்டுவிட்டு, இனி இந்த நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டாம் என்று காந்தி சமரசம் சொல்லிப் பார்த்தார். பிறப்பை வைத்து ஏற்றத்தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் கட்சிக் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தார்.

1925 ஜூனில் பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில், தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போன ஐயர் தாமும் நீரோடு போனார். அந்த ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். குருகுலமும் நிலைக்கவில்லை.

அந்தக் குருகுலத்தின் வகுப்பறையில் என்னென்ன பாடம் நடந்தது என்பது இன்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும். அதன் சாப்பாட்டுக் கூடம் நடத்திய பாடமோ தமிழ்நாட்டு வரலாற்றில் ஏறிவிட்டது. இந்த உரை சொல்ல வந்ததும் இதுதான். பிறர்மேல் கொள்ளும் அக்கறையைப் பிள்ளைகள் நீதிபோதனை வகுப்பில் கற்பதைவிட, பள்ளி நாள் அமைக்கப்பட்டிருக்கும் விதத்திலிருந்தே அதிகம் கற்கிறார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள், ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் யார் போய் விசாரிக்கிறார்கள் என்பவை பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடங்கள். அவற்றை எழுதுவது பெரியவர்கள்.

எட்டயபுரத்து அடுப்பு

பள்ளிச் சாப்பாட்டின் வலிமையை உணர்ந்து அதை நல்ல வழியில் பயன்படுத்தியவர்களும் இங்கேயே இருந்தார்கள். 1920-இல், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கினார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களின் நன்கொடையை அந்தத் திட்டத்துக்குத் திருப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

இந்தத் திட்டங்கள் பசியைத் தீர்த்ததையும் பள்ளி வருகையைக் கூட்டியதையும் எல்லாரும் பேசுகிறார்கள். ஒரே அண்டாவில் வெந்த சோற்றை, எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பது இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசப்பட வேண்டியது. சேரன்மாதேவியில் முடியாமல் போனதைத் தமிழ்நாட்டின் சத்துணவுக் கூடங்கள் அன்றாடம் செய்துவருகின்றன.

அதனால்தான் அங்கே எழும் எதிர்ப்பும் கூர்மையாக இருக்கிறது. 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி என்ற சிற்றூரில், காலை உணவு சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அந்தப் பள்ளிக்குப் போய், தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே நாட்களில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் இதே சிக்கல். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று அந்தப் பெண் சமைத்த உணவைச் சாப்பிட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வரும் என்று எதிர்த்தவர்களிடம் சொன்னார்.

1925-க்கும் 2023-க்கும் இடையில் பெற்றோரின் கோரிக்கை மாறிவிடவில்லை. நிர்வாகம் கொடுத்த பதில் மாறியிருக்கிறது. ஐயர் என்ற பெருமனிதர் தனி ஆளாக நின்று இணங்கிப் போனார். இப்போது ஆட்சியரும் சட்டமும் சமையலருக்குப் பின்னால் நிற்கின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சட்டப் பிரிவின் எண் தெரியாது. தன் ஊரின் பெரிய அதிகாரி யார் கையால் வாங்கிச் சாப்பிட்டார் என்பதை அது பார்த்திருக்கிறது.

நாங்குநேரிக்குப் பின்

ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சேரன்மாதேவி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து அதற்குக் கசப்பான பதில் வந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த மாணவர்கள். தொடர்ந்த சீண்டல் தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. அவர் காரணத்தைச் சொன்னார். சொன்னதற்குப் பழிவாங்கத்தான் அந்த இரவு வீடு தேடி வந்தார்கள். ஒரே சீருடை, ஒரே மணியோசை, ஒரே பாடப்புத்தகம். இத்தனையும் ஒன்றாக இருந்தும் அவர்களுக்கிடையே ஒட்டுறவு உண்டாகவில்லை.

பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கையை அளித்தார். நெற்றியிலும் கையிலும் சாதியைக் காட்டும் அடையாளங்களுக்குத் தடை விதிக்கச் சொன்ன பரிந்துரையே அதிகம் விவாதிக்கப்பட்டது. கையில் கட்டும் வண்ணக் கயிறு புதிய சிக்கல் அன்று. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதையும், விளையாட்டு அணி சேர்ப்பதற்குக்கூட அது பயன்படுவதையும் குறிப்பிட்டு 2019-இலேயே பள்ளிக்கல்வித் துறையில் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அடங்கிப்போனது.

கயிற்றைப் பற்றிய கூச்சலில் அமுங்கிப்போன சில பரிந்துரைகள் ஆசிரியர்கள் உற்றுப் படிக்க வேண்டியவை. மாணவர்கள் அகரவரிசையில் அமர வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை பெறும் மாணவர்களை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சாதி சொல்லி அழைக்கக் கூடாது. தனியாக அழைத்துப் பேச வேண்டும். 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிக்குத் தனியாக நல அலுவலர் வேண்டும். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் போக வேண்டும். ‘எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரி’ என்று ஓர் ஆசிரியர் உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதாரணமாகச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தை, ஓர் ஆண்டு முழுவதும் நடத்தும் சமத்துவப் பாடத்தால் அழிக்க முடியாது.

சேர்ந்திருப்பது எப்போது பலன் தரும்?

இந்தக் கேள்வியை உலகம் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். சந்திக்கும் இரு தரப்பாரும் அந்தச் சூழலில் சமநிலையில் இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். அதை அடைய ஒருவருக்கு ஒருவர் ஒத்துழைக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் அதற்கு வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். உசிலம்பட்டியிலும் வேலன்செட்டியூரிலும் நான்காவது நிபந்தனை நிறைவேறியது. நாங்குநேரி மாணவர் படித்த வகுப்பில் முதல் மூன்றும் இல்லை.

1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இதைச் செய்துபார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. நிறப் பிரிவினை நீங்கி, வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த நேரம், பள்ளிகளில் அடிதடி. அங்கே அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சன், ஆசிரியர் கேள்வி கேட்க, பிள்ளைகள் முந்திக்கொண்டு கை தூக்கும் வழக்கமே பகையை வளர்க்கிறது என்று கண்டார். பாடத்தை ஆறு துண்டாக்கி, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் துண்டைப் படித்து மற்ற ஐவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வு முழுப் பாடத்துக்கும் நடக்கும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால், கேலி செய்தவனுக்கே ஆறில் ஒரு பங்கு பாடம் தெரியாமல் போகும். சில வாரங்களிலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பத் தொடங்கினார்கள்; பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண்ணும் ஏறியது.

நம் நாட்டிலேயே இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. தில்லித் தனியார் பள்ளிகளில் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டதை வைத்துப் பொருளியலாளர் கௌதம் ராவ் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் தாராள மனமும் உதவும் விருப்பமும் கூடியிருந்தன. ஓட்டப்பந்தயத்துக்குத் துணை தேர்ந்தெடுக்கச் சொன்னால், வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்கிவைப்பது அவர்களிடம் குறைந்திருந்தது. ‘தரம் இறங்கிவிடும்’ என்று பெற்றோர் பயந்தது போல மதிப்பெண் பெரிதாகச் சரியவில்லை. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்கள் பெயரின் அகரவரிசைப்படி பிரிக்கப்பட்டிருந்தன. அப்படித் தற்செயலாக ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. நீதிபதி சந்துரு சொன்ன அகரவரிசைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாவது, ஆய்வாளர் மேட் லோ 2021-இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வு. உத்தரப் பிரதேசத்தில் 1,200-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தப்பட்டன. சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். வேற்றுச் சாதியாரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த நட்பு குறையவே செய்தது. மைதானம் மட்டும் பொதுவாக இருந்தால் போதாது; அணியும் பொதுவாக இருக்க வேண்டும். கயிற்றின் நிறம் பார்த்து அணி சேரும் விளையாட்டுப் பாடவேளை வன்மத்தையே வளர்க்கும் என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

பெரும்பாக்கத்தில் யாரோடு யார்?

இந்தப் பெரும்பாக்கத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, 2022 ஜனவரியில் புதிய வளாகம் திறக்கப்பட்ட செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். கீழ்நிலையில் பிறந்தவன் கற்றுவிட்டால் மேல்நிலையில் பிறந்தவனும் அவனிடம் பாடம் கேட்கப் போவான் என்று புறநானூற்றின் 183-ஆம் பாட்டில் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் சொன்னதைப் பதிப்பித்தும் ஆராய்ந்தும் வருகிற இடம் அது. மற்றொன்று, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகள். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், 2015 வெள்ளத்துக்குப் பின் நகரின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அடுத்துப் பெரும்பாக்கம் என்று நகரம் தன் ஏழைகளைத் தெற்கு ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தது.

கல்வியாண்டின் நடுவிலேயே வந்து சேர்ந்த பிள்ளைகள் பலர். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்கள் 2019 டிசம்பரில் வந்தன. பழைய பள்ளியும் பழைய தோழர்களும் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்ட பிள்ளை, புதிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருகிறது. பக்கத்தில் இருப்பவரும் வேறு ஏதோ ஒரு கரையிலிருந்து வந்தவர்தான். கரை வேறு, கோயில் வேறு, தேவாலயம் வேறு, சில வீடுகளில் பேச்சுமொழி தெலுங்கு. வெளியார் கண்ணுக்கு எல்லாம் ‘போர்டு பிள்ளைகள்’. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்த இளைஞர்களின் கதைகள் செய்தித்தாள்களில் வந்திருக்கின்றன.

மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையின் இரு பக்கமும் காவலாளி நிற்கும் அடுக்குமாடி வளாகங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஒரு பக்கம் போகிறார்கள். வாரியக் குடியிருப்புப் பிள்ளைகள் நடந்தோ மாநகரப் பேருந்திலோ வேறு பக்கம் போகிறார்கள். எதிரெதிரே குடியிருந்தும் பள்ளி இறுதி வரை ஒரே மைதானத்தில் சேர்ந்து ஆடாமலே இந்த இரு தரப்புப் பிள்ளைகளும் வளர்ந்துவிட முடியும். தில்லி ஆய்வு பேசிய ‘பக்கத்து இருக்கை’ இங்கே அமைவதற்கே வழியில்லை. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளின் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு பங்கு இருக்கலாம் என்ற வரம்பு 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது; ஓர் இனத்தார் ஒரே இடத்தில் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக. சென்னை வீட்டுத் திட்டங்கள் ஏழைகள் என்ற ஒரே வகையினரை ஒரே இடத்தில் திரட்டின. இந்தக் குறையைப் பள்ளி உருவாக்கவில்லை. ஆனால் அதன் சுமை பள்ளியின் தோளில்தான் இறங்கியிருக்கிறது.

இருந்தும் முன்னுதாரணங்கள் அருகிலேயே கிடைக்கின்றன. 1937-இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் நெடுங்காலமாகப் படிக்கிறார்கள். சக மாணவர்கள் அவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவதும், தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதும் அங்கே வழக்கமான காட்சி. வாசிப்பவர் தாமும் பாடத்தைத் தெளிவாகப் படித்துவிடுகிறார். ஆரன்சன் குழுக்களில் நடந்ததும் இதேதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி கார்த்திகா. தமிழ்நாடு முழுவதும் அவரைக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே கொண்டாடியது. மறைத்து எழுதப்பட்ட முகவரி ஒரு வீராங்கனையின் பெயருக்கு முன்னால் வந்து நின்றது.

வரும் கல்வியாண்டில்

இந்த வட்டாரத்துப் பள்ளிகள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய சில ஏற்பாடுகளை இந்த உரை முன்வைக்கிறது.

அகரவரிசை இருக்கை, மாதம் ஒருமுறை இடமாற்றத்துடன், ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிரிவுகளுக்கும் வரட்டும். வாரத்தில் இரண்டு பாடவேளைகளேனும் அறிவியலும் சமூக அறிவியலும் ஆறு துண்டுப் பாடமாக நடக்கட்டும். தொடக்க வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில் குழுவாக உட்கார்த்திப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கல்வியாண்டின் நடுவில் சேரும் பிள்ளைக்கு முதல் மாதம் இரண்டு துணை மாணவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் அதே குடியிருப்பில் வேறு புளோக்கைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. இரண்டு நாள் வராத பிள்ளையை மூன்றாம் நாள் யார் போய்ப் பார்ப்பது என்பது பெயரோடு எழுதப்பட வேண்டும். அந்தப் பிள்ளை சொல்லும் காரணம் யாருக்குப் போகும், யாருக்குப் போகக் கூடாது என்பதும் எழுதப்பட வேண்டும். நாங்குநேரி மாணவர் உண்மையைச் சொன்னார். சொன்னவரைக் காக்க ஏற்பாடு இல்லாமல் போனது. நல அலுவலரை அரசு நியமிக்கும் வரை இந்தப் பொறுப்பை ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியைக்கும் கொடுக்கலாம்.

சத்துணவுக் கூடத்தில் ஆசிரியர்கள் வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட வேண்டும். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

கடைசியாக, விளையாட்டு. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் அரசுப் பள்ளிகளும் இதே சாலையிலுள்ள தனியார் பள்ளிகளும் சேர்ந்து ஒரு கபடிப் போட்டி நடத்தட்டும். பள்ளிக்கொரு அணி என்றால் பழைய எதிரணிக் கதைதான் மிஞ்சும். ஆகையால் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, ஒவ்வோர் அணியிலும் எல்லாப் பள்ளியினரும் வரும்படி பிரிக்க வேண்டும். பயிற்சிக்குச் சனிக்கிழமை காலை போதும். மைதானமும் பந்தயச் சட்டைகளும் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேனும் தேவை. அறக்கட்டளைகள் அந்தச் செலவை ஏற்கலாம். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்துக்குள் அணிப் பட்டியல் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டுவிட வேண்டும்.